குறுமரமும் குளிர்மலையும்

மரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது ஓங்கி உயர்ந்த ஓர் உருவம். ஊர்ப்பொதுவில் விழுது ஊன்றிய ஆலும், ஆற்றங்கரையில் கிளை பரப்பிய மருதும், சாலையின் இருமருங்கும் நிழல் விரித்த புளியும் நாம் இளமை முதல் கண்டு பழகியவை. ஆதலால், உயர்ந்த மரம் முதிர்ந்தது, குட்டையான மரம் இளையது என்று எண்ணுவது நமக்கு இயல்பாகிவிட்டது. அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் எல்லா இடத்தும் பொருந்தாது.

அது பொருந்தாத இரண்டு இடங்களைப் பற்றி இன்று சில செய்திகள் கூற விரும்புகிறேன். ஒன்று, ஜப்பானியர் போன்சாய் என்று வழங்கும் தொட்டி மரம். மற்றொன்று, நம் பழனி மலையின் மேல் கொடைக்கானலைச் சூழ்ந்து நிற்கும் சோலைக்காடு. முன்னது மனிதன் கைபட்டுக் குறுகியது. பின்னது காற்றும் குளிரும் பட்டுக் குறுகியது. முன்னதன் அருமையை உலகம் அறிந்து போற்றுகிறது. பின்னதன் அருமை நம்மவருக்கு விளங்கவே நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. விளங்குவதற்குள் இழந்ததோ பெரிது.

போன்சாய் என்னும் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்பது பொருள். சொல் ஜப்பானியருடையதாயினும், கலை பிறந்த இடம் சீனம். அந்நாட்டில் டாங் மரபினர் ஆண்ட காலத்தே, கி.பி. 706-ஆம் ஆண்டில், ஜாங்குவாய் என்னும் இளவரசனுக்குக் கல்லறை எழுப்பினர். அக்கல்லறைச் சுவரில் உள்ள ஓர் ஓவியத்தில், பணியாளர் ஏந்தி நிற்கும் தட்டிலே சிறு கற்களும் சிறு செடிகளும் அமைந்திருக்கக் காண்கிறோம். மலையையும் மரத்தையும் சுருக்கி ஒரு தட்டிலே காண வேண்டும் என்ற ஆசை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்களிடம் இருந்தது என்பதற்கு அவ்வோவியம் சான்று.

சீனத்திலிருந்து இக்கலை ஜப்பானுக்குச் சென்றது. 1309-ஆம் ஆண்டைச் சார்ந்த கசுகா கோயிலின் ஓவியச் சுருளில் தொட்டி மரங்கள் தீட்டப்பெற்றுள்ளன. 1878-இல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியின் வாயிலாக மேலைநாட்டார் பலர் இம்மரங்களை நேரிற் கண்டு வியந்தனர். 1923-இல் நிகழ்ந்த பெரு நிலநடுக்கம் டோக்கியோ நகரைப் பாழாக்கியபின், தொட்டி மரம் வளர்ப்போர் சிலர் நகருக்கு வடக்கே ஓமியா என்னுமிடத்தில் குடியேறினர். 1925-இல் அங்கே போன்சாய்க்கென்றே ஓர் ஊர் உருவாயிற்று.

இம்மரங்களுள் ஒன்றன் வரலாறு மாணவர் யாவரும் அறிதற்குரியது. ஹிரோஷிமா நகரில் யமாக்கி என்னும் குடும்பத்தார் வெண்பைன் மரம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலே வளர்த்து வந்தனர். அது 1625 முதல் பேணப்பட்டு வருவது. 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் அந்நகரின்மேல் அணுகுண்டு வீழ்ந்தது. குண்டு வெடித்த இடத்திற்கும் அவர்கள் தோட்டத்திற்கும் இடையே இரண்டு மைல் தொலைவே இருந்தது. மதிற்சுவர் காத்தமையால் மரம் பிழைத்தது. 1976-இல், அமெரிக்க நாடு தன் விடுதலையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது, அக்குடும்பத்தார் அம்மரத்தை அந்நாட்டிற்கே பரிசாக அளித்தனர். குண்டினின்று தப்பியது அம்மரம் என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துரைக்கவில்லை. 2001-இல் அக்குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் வாஷிங்டன் நகருக்குச் சென்று அம்மரத்தைப் பார்த்தபோதுதான் அச்செய்தி பலருக்கும் தெரிந்தது. தொட்டியிலே நிற்கும் ஒரு சிறு மரம் ஒரு நாட்டின் நினைவாகவும், இரு நாடுகளின் நட்பாகவும் விளங்கும் வியப்பினை என்னென்பது!

இனி, இம்மரம் எவ்வாறு குறுகுகிறது என்று பார்ப்போம். போன்சாய்க்கெனத் தனி விதை கிடையாது. ஆலின் விதை ஆலாகவே முளைக்கும். பைன் விதை பைனாகவே முளைக்கும். அதனைக் குறுகச் செய்வது பயிற்சியே. ஆழமற்ற தொட்டி வேருக்கு எல்லை வகுக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தைத் தொட்டியினின்று எடுத்து, நீண்ட வேர்களைக் கத்தரித்து, புது மண் இட்டு மீண்டும் நடுகின்றனர். இளமரத்திற்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும், முதிர்ந்த மரத்திற்கு நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறையும் இவ்வாறு செய்வதுண்டு. வேர் குறைந்த அளவிற்குக் கிளையும் குறைக்கப்படுகிறது. நுனிக் குருத்தைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பிரிந்து அடர்கின்றன. செம்பு அல்லது அலுமினியக் கம்பியைச் சுற்றிக் கிளையை வேண்டிய பக்கம் வளைக்கின்றனர். பட்டையில் கம்பி பதியுமுன் அதனை அவிழ்த்துவிட வேண்டும்.

சிலர் இதனைக் கொடுமை என்பர். மரத்தைப் பட்டினியிட்டுக் குறுக்குவதாகக் கருதுவர். அது சரியன்று. பட்டினி கிடந்த மரம் குறுகுவதில்லை, பட்டுப்போகும். தொட்டி மரத்திற்கு நிலத்தில் நிற்கும் மரத்தைவிடக் கவனம் மிகுதியாகவே வேண்டும். சிறிதளவு மண் விரைவில் உலர்வதால், நம் நாட்டுக் கோடையில் நாளுக்கு இருமுறை நீர் வார்த்தல் வேண்டும். ஆனால் தொட்டியின் அடியில் நீர் தேங்கிவிடலாகாது. வெயிலும் காற்றும் வேண்டும். கூடத்து மேசைமேல் அழகுப் பொருளாக வைத்தால் நெடுநாள் நில்லாது. இலை ஓரளவு சிறுக்கும். ஆனால் பூவும் காயும் தம் இயல்பான அளவிலேயே தோன்றும். சாண் உயர மரத்திலே முழு அளவுக் கனி தொங்குவது அதனால்தான். சுருங்கச் சொன்னால், போன்சாய் வளர்ப்பவன் மரத்தின் வேகத்திற்குத் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்கிறான். தந்தை தொடங்கியதை மகன் தொடர்கிறான். அவசரக்காரனுக்கு இக்கலை வாய்ப்பதில்லை.

தோட்டக்காரன் தொட்டியிலே செய்யும் இவ்வேலையை, ஒரு மலை தன் உச்சியிலே தானே செய்திருக்குமாயின் எவ்வாறிருக்கும்? அதனைக் காண ஜப்பானுக்குச் செல்ல வேண்டுவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்துப் பழனி மலைக்குச் சென்றாலே போதும்.

பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கே பிரிந்து நீண்ட ஒரு கிளை. கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. அதற்கு மேற்கே வந்தரவு முதலிய சிகரங்கள் 8,000 அடியையும் கடந்து நிற்கின்றன. இம்மேட்டு நிலத்தின் பழைய தோற்றம் இருவகைப்பட்டது. மலையின் மடிப்புகளிலும் நீரோடைகளின் ஓரங்களிலும் சோலை என்னும் அடர்காடு; அவற்றிற்கிடையே அலை அலையாக விரிந்த புல்வெளி. சோலை என்ற நம் தமிழ்ச் சொல்லையே உலகத்துத் தாவரநூலாரும் எடுத்தாள்கின்றனர்.

சோலை மரங்கள் பெரும்பாலும் 50 அடிக்கு உட்பட்டவை. காட்டுப்பூவரசு, காட்டுச்செண்பகம், நாவல் இனங்கள், காட்டுக்கருவா இனங்கள் ஆகியன அவற்றுட் சில. அவற்றின் இலை சிறுத்துத் தடித்திருக்கும், கிளை முறுகியிருக்கும், தலைப்பு குடை கவிழ்த்தாற்போல் நெருங்கியிருக்கும், உடலெங்கும் பாசியும் பெரணியும் ஆர்க்கிட் செடிகளும் பற்றியிருக்கும். பள்ளத்தாக்கின் கருமண்ணிலே ஓரளவு உயர்ந்த அதே இன மரம், செங்குத்தான பாறையின் விளிம்பிலே ஆள் உயரத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. அங்கே பாறை வெடிப்பே தொட்டி. ஓயாத காற்றே கத்தரி. குளிரும் மூடுபனியும் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் கைகள். அவ்விளிம்பில் நிற்கும் மரத்தை இளங்கன்று என்று எண்ணிவிடலாகாது. அது நம் பாட்டனார் காலத்தும் ஏறத்தாழ அவ்வளவினதாகவே நின்றிருக்கக்கூடும்.

சோலைக்கும் புல்வெளிக்கும் இடையே கோடு கிழித்தாற்போல் எல்லை அமைந்திருப்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்பர் அறிஞர். மார்கழி, தை மாதங்களில் திறந்த வெளியிலே படியும் உறைபனி, சோலை மரத்தின் கன்றுகளைக் கருக்கிவிடும். சோலையின் நிழலிலே விழுந்த விதைதான் தப்பிப் பிழைக்கும். ஆகவே, புல்வெளி என்பது காடு அழிந்தபின் எஞ்சிய பாழ்நிலம் அன்று. நீலகிரியின் சதுப்புப் படிவுகளை ஆராய்ந்தோர், அத்தகைய புல்வெளிகள் 20,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று கண்டுள்ளனர்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி வளர்வதும் இப்புல்வெளியிலும் அதன் சரிவுகளிலுமே. மலை நிலத்திற்கே தன் பெயரை ஈந்த மலர் அது. ஐரோப்பிய இனத்தில் பிறந்து இந்து சமயத்தைத் தழுவியவரும், ஈழத்துச் சான்றோர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாருமாகிய லீலாவதி அம்மையார், 1936-இல் கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலைக் கட்டுவித்தார். 2006-இலும் 2018-இலும் பூத்த குறிஞ்சி, இனி 2030-இல் பூக்க வேண்டும். விரைவு என்பதை அறியாத மலை இது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இம்மலைக்கு விரைவு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1821-இல் வார்டு என்னும் ஆங்கிலப் படையதிகாரி இம்மலையை அளந்தார். 1836-இல் தாவரநூல் அறிஞர் இராபர்ட் வைட் மலையேறி, தாம் கண்ட செடி கொடிகளைப் பற்றி அடுத்த ஆண்டே சென்னையில் வெளிவந்த அறிவியல் இதழில் எழுதினார். 1845-இல், மதுரையில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரிமார், வெப்பத்திற்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி, கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டினர். 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். கோடைக்கு வருவோர் பெருகினர், வீடுகள் பெருகின.

குளிர்மலையிலே வீடு என்றால் கணப்பு வேண்டும். கணப்பிற்கு விறகு வேண்டும். சோலை மரத்தை வெட்டினால் அது மீண்டும் வளர ஒரு மனிதனின் வாழ்நாள் போதாது. ஆகவே விரைந்து வளரும் மரங்களைத் தேடினர். ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமாகிய யூகலிப்டஸ் வந்தது. தோல் பதனிடும் துவர்ப்பட்டைக்காக, சீகை இனத்தைச் சார்ந்த வாட்டில் மரம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பைன் தோப்புகள் எழுந்தன. அதிலே பங்கு கொண்ட வன அதிகாரி பிரையண்ட், 1908-இல் ஏரிக்கருகே ஒரு பூங்காவையும் அமைத்தார். இன்று ஆயிரக்கணக்கானோர் கண்டு களிக்கும் பிரையண்ட் பூங்கா அதுவே.

அவர்கள் செய்தது முற்றும் தீது என்று நான் சொல்ல வரவில்லை. அம்மரங்கள் விறகு தந்தமையால் கோடரிக்குத் தப்பிய சோலைகளும் உண்டு. பிழை நேர்ந்தது பார்வையில்தான். உயரமும் பருமனும் விரைவும் உடைய மரமே மரம் என்று கொண்டனர். குறுகிய சோலையைப் புதர் என்றும், புல்வெளியைத் தரிசு என்றும் எழுதி வைத்தனர். நாடு விடுதலை பெற்ற பின்னரும் அப்பார்வை மாறவில்லை. மரக்கூழுக்காகவும் பட்டைக்காகவும் தோப்புகள் மேலும் விரிந்தன. வானத்தினின்று எடுத்த படங்களைக் கொண்டு 2018-இல் வெளியிடப்பெற்ற ஓர் ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட காலத்தில் பழனி மலையின் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது என்றும், அதன் இடத்தைத் தோப்புகளும் வேளாண்மையும் கொண்டன என்றும் காட்டியது. இருபதினாயிரம் ஆண்டு நின்றது நாற்பது ஆண்டிலே சுருங்கிற்று!

இதனால் நமக்கென்ன என்று சமவெளியில் இருப்போர் கேட்கலாம். மஞ்சளாறும் வராக நதியும் இம்மலையில் பிறந்து வைகையை நோக்கி இறங்குகின்றன. மருதாநதியும் குதிரையாறும் பாலாறும் பொருந்தலாறும் இம்மலை நீரே. மேலே புல்லும் சோலைக் கருமண்ணும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலே சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகின்றன. அப்பணியை நெட்டையாக வளரும் அயல்மரத் தோப்பு அவ்வாறு செய்வதில்லை. விரைந்து வளரும் மரம் விரைந்தே நீரையும் உண்ணும். வள்ளுவர் நாட்டின் அரண்களை எண்ணுமிடத்து நீரோடும் மலையோடும் காட்டையும் சேர்த்து வைத்தது எத்துணைப் பொருத்தம்!

இருள் சூழ்ந்த இவ்வரலாற்றில் விளக்கேந்தியவர்களும் இருந்தனர். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலைகளின் உச்சித் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவற்றிற்குரிய படங்கள் பலவற்றை வரைந்தவர் அவர்தம் மனைவியார். 1895-இல் செண்பகனூரில் நிறுவப்பெற்ற இயேசு சபைக் கல்லூரியைச் சார்ந்த துறவியர், செடிகளைத் திரட்டி அருங்காட்சியகம் அமைத்தனர். அச்சபையைச் சார்ந்த மத்தேயு அடிகளார், கொடைக்கானலில் குடியேறிய அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றி 1969-இல் ஒரு நூலும், பழனி மலையின் தாவரங்கள் அனைத்தையும் பற்றி 1999-இல் ஒரு பெருநூலும் எழுதினார். இரண்டிற்கும் இடையே முப்பது ஆண்டுகள்! போன்சாய்க்காரனின் பொறுமை இங்கே ஓர் அறிஞரிடம் விளங்கக் காண்கிறோம்.

அறிந்தபின் செயலும் பிறந்தது. 1985-இல் பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் தோன்றியது. வட்டக்கானலில் சோலை மரங்களுக்கென்றே நாற்றுப் பண்ணை எழுந்தது. 2013-இல் தமிழ்நாடு அரசு கொடைக்கானல் வனவுயிர்ப் புகலிடத்தை அறிவித்து, ஏறத்தாழ 600 சதுரக் கிலோமீட்டர் நிலத்தைக் காப்பில் வைத்தது.

சோலை மரத்தின் கன்றை வளர்ப்பது எளிதன்று. பலவற்றின் விதை உலர்ந்தால் முளையாது. கனிந்தவுடன் பொறுக்கிப் பதியமிட வேண்டும். முளைத்த கன்றை நிழலிலே வைத்து, ஈரம் குறையாமல், ஆண்டுக்கணக்கில் பேண வேண்டும். தொட்டி மரம் வளர்ப்பவன் செய்யும் வேலையே இது. முடிவில் மட்டும் வேறுபாடு. அவன் மரத்தைத் தொட்டியிலே நிறுத்துகிறான். இவர் மரத்தை மலைக்குத் திருப்பித் தருகிறார்.

இப்பணியில் ஈடுபட்டோர் கண்ட ஓர் உண்மை நம் சிந்தனைக்குரியது. பழைய தைலமரத் தோப்புகள் சிலவற்றின் நிழலிலே, பறவைகள் இட்ட விதையினின்று சோலைக் கன்றுகள் தாமே முளைத்து நிற்கின்றன. உறைபனியினின்று அவற்றைக் காக்கும் குடையாக அயல்மரம் அமைந்துவிட்டது! ஆகவே, அயல்மரம் என்றவுடன் ஓங்கி வெட்டுவதும் ஓர் அவசரமே. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதை இடமறிந்து செய்தல் வேண்டும். ஆனால் புல்வெளி மறைந்த இடத்தில் அது அவ்வாறு எளிதில் மீள்வதில்லை. எஞ்சிய புல்வெளியை உள்ளபடி காப்பதே முதற்கடமை.

மாணவர்களே, இதனைக் கேட்டபின் உங்களுள் சிலருக்குத் தொட்டி மரம் வளர்க்க விருப்பம் பிறக்குமாயின் மகிழ்வேன். ஒன்று மட்டும் நினைவில் இருத்துங்கள். மலையில் தானே குறுகி நிற்கும் மரத்தைப் பெயர்த்துக் கொணர்ந்து தொட்டியில் வைக்கும் வழக்கம் ஜப்பானில் உண்டு. அதனை நாம் மேற்கொள்ளலாகாது. புகலிடத்து மரஞ்செடிகளைப் பெயர்ப்பதை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, மலையின் குளிரிலே முதிர்ந்த மரம் மதுரையின் வெயிலிலே ஒரு கோடையும் தாங்காது.

உங்கள் ஊரிலேயே போதிய மரங்கள் உள்ளன. பழைய கட்டடத்தின் வெடிப்பிலும் கிணற்றுச் சுவரிலும் ஆலும் அரசும் இச்சியும் முளைத்திருக்கும். சுவரைப் பிளக்குமென்று எவ்வாறாயினும் பிடுங்கி எறியப்படுவன அவை. அத்தகைய கன்று ஒன்றை, வீட்டாரின் இசைவு பெற்று, மழைக்காலத் தொடக்கத்தில் வேர் அறாமல் எடுங்கள். அடியில் துளையுள்ள ஆழமற்ற மண்தொட்டியில், செம்மண்ணும் பருமணலும் மக்கிய இலையெருவும் கலந்து நடுங்கள். சில வாரம் நிழலிலும் பின்னர் வெயிலிலும் வையுங்கள். மேல்மண் உலர்ந்ததும் நீர் வாருங்கள். எப்போதேனும் கடலைப் பிண்ணாக்கு ஊறிய நீரைத் தெளியவைத்துச் சிறிது ஊற்றுங்கள். முதலாண்டில் கத்தரியையும் கம்பியையும் தொடாதீர்கள், மரம் வேரூன்றட்டும். அதன் பக்கத்தில் ஓர் ஏட்டினை வைத்து, நட்ட நாளையும், முதற்குருத்து விட்ட நாளையும், வேர் கத்தரித்த நாளையும் எழுதி வாருங்கள். வரலாறு என்பது அரசர் போர்களில் மட்டும் இல்லை. ஒரு தொட்டி மரத்திற்கும் வரலாறு உண்டு.

பத்தாண்டு கழிந்தபின் முழ உயரத்து ஆலமரம் ஒன்று உங்களிடம் நிற்கும். அன்று நீங்கள் கொடைக்கானலுக்குச் சென்று, பாறை விளிம்பில் காற்றோடு மல்லாடி நிற்கும் ஒரு குறுமரத்தைப் பார்க்க நேர்ந்தால், அதனைப் புதர் என்று சொல்லி நடந்துவிட மாட்டீர்கள். ஒரு முழம் வளர எத்தனை ஆண்டு ஆகும் என்பதை உங்கள் கைகளே அறிந்திருக்கும். அவ்வறிவு இம்மலைக்கு முன்னரே வாய்த்திருந்தால் அதன் வரலாறு வேறாக இருந்திருக்கும். இனி எழுதப்படும் வரலாறேனும் அவ்வாறு அமைவது உங்கள் தலைமுறையின் கையில் உள்ளது.